மூன்றாம் தேதியிலிருந்து சரியாகிவிடும்

2011 ஜனவரி 1, சனிக்கிழமை. அன்று காலை பல நாடுகளில் ஏராளமானவர்கள் லேட்டாக எழுந்தார்கள். நியூ இயர் அன்றைக்கு லேட்டாக எழுந்திருப்பதெல்லாம் ஒரு நியூஸா என்று கேட்காதீர்கள். இவர்கள் சீக்கிரம் எழுந்தாக வேண்டியவர்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள், விமானம் பிடிக்க வேண்டியவர்கள். முந்தின ராத்திரி பொறுப்பாக ஐபோனில் அலாரம் வைத்துவிட்டுத்தான் படுத்தார்கள். போன் தூங்கிவிட்டது.

கோழி கூவாவிட்டாலும் பொழுது விடியும் என்பார்கள். விடிந்தது. முதலில் நியூஸிலாந்தில், அப்புறம் ஆஸ்திரேலியாவில். பொழுது விடிய விடிய புலம்பலும் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தது. அமெரிக்கா கண் விழிப்பதற்குள் பாதி உலகம் ட்விட்டரில் ஆப்பிள் கம்பெனியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் அப்போது ஐபோன் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் இங்கே இது பெரிய பேச்சாகவில்லை.

ஆப்பிள் என்ன சொன்னது தெரியுமா? சாராம்சம் இதுதான்: ஜனவரி 1, 2 தேதிகளுக்கு 'ஒரே ஒரு முறை அடி' என்று வைத்த அலாரங்களில் ஒரு சிக்கல் இருப்பது எங்களுக்குத் தெரியும். 'திரும்பத் திரும்ப அடி' என்று வைத்தால் அடிக்கும். மூன்றாம் தேதியிலிருந்து எல்லா அலாரமும் ஒழுங்காக வேலை செய்யும்.

இந்த மூன்றாவது வரியை நான் பல தடவை படித்து ரசித்திருக்கிறேன். நாங்கள் சரி செய்கிறோம் என்று அதில் இல்லை. அதுவாகச் சரியாகிவிடும் என்று இருக்கிறது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால் அவர் மாத்திரை எழுதாமல், "புதன்கிழமை வந்தால் தன்னால் இறங்கிடும், போயிட்டு வாங்க" என்று சொல்வது மாதிரி. டாக்டர் சொன்னால் சண்டைக்குப் போவோம். ஜோசியர் சொன்னால் தட்சிணை வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவோம். போன் கம்பெனி இந்த விஷயத்தில் ஜோசியர் கட்சி.

இன்னொரு சங்கதியும் உண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2010 அக்டோபர் கடைசியில், ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். வெயில் காலத்துக்கு ஒரு மணி, குளிர் காலத்துக்கு ஒரு மணி என்று அங்கே ஒரு வழக்கம். நல்லவேளை, நமக்கு இந்தக் கூத்து கிடையாது. போனின் கடிகாரம் சமர்த்தாக மாறிக்கொண்டது. ஆனால் அதே போனில் இருக்கும் அலாரத்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தினசரி அலாரங்கள் ஒரு மணி நேரம் பிந்தி அடித்தன. அப்போது ஆப்பிள் கொடுத்த யோசனை என்ன? 'திரும்பத் திரும்ப அடி' என்பதை நிறுத்துங்கள், ஒரு முறை மட்டும் அடிக்கிற மாதிரி ஒவ்வொரு நாளும் புதிதாக வையுங்கள்.

புரிகிறதா? நவம்பரில், தினசரி அலாரத்தை நம்பாதே, ஒற்றை அலாரம் வை. ஜனவரியில், ஒற்றை அலாரத்தை நம்பாதே, தினசரி அலாரம் வை. நவம்பர் யோசனையைச் சொன்னபடி கேட்டு, அதையே பழக்கமாக்கிக்கொண்ட நல்ல பிள்ளைகள்தான் ஜனவரியில் மாட்டினார்கள். கம்பெனி பேச்சைக் கேட்காத சோம்பேறிகள் நிம்மதியாக எழுந்து வேலைக்குப் போனார்கள்.

*

ஆப்பிளை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. இந்த 'நாளைக்குச் சரியாகிவிடும்' வைத்தியத்தில் மைக்ரோசாஃப்ட் மூத்தவர். 2008 டிசம்பர் 31 அன்று அவர்களுடைய ஸூன் என்ற பாட்டுப் பெட்டிகள், 30 ஜிபி மாடல்கள், ஒன்று பாக்கியில்லாமல் உறைந்து நின்றன. 2008 லீப் வருஷம். வருஷத்தின் 366-வது நாள் என்று ஒன்று வரும்போது கணக்கை எப்படி முடிப்பது என்று உள்ளே இருந்த நிரலுக்குத் தெரியவில்லை. செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பெனியின் பரிகாரம்: பேட்டரி தானாகத் தீரட்டும், ஜனவரி 1 அன்று கிரீன்விச் நேரம் மதியத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றி ஆன் பண்ணுங்கள். ராகு காலம் கழிந்து வண்டியை எடுங்கள் என்பதுதானே இது?

அதற்கு அடுத்த வருஷக் கடைசி ராத்திரி விண்டோஸ் மொபைல் போன்கள் தங்கள் பங்குக்கு ஒரு வேடிக்கை காட்டின. 2010 பிறந்ததும் சிலருக்கு வந்த எஸ்எம்எஸ் எல்லாம் 2016 என்று தேதி போட்டு வந்தது. '10' என்ற எண்ணை ஒரு விதமாக எழுதி வைத்து வேறு விதமாகப் படித்தால் 16 என்று வரும்; கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் விளக்குவார்கள். ஆறு வருஷம் கழித்து வரவேண்டிய வாழ்த்து இப்போதே வந்துவிட்டது என்று ஜோக் அடித்துவிட்டு ஜனங்கள் போய்விட்டார்கள்.

இந்த ஜோக் அடித்துவிட்டுப் போவதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

போனில் வேறு எந்தக் கோளாறு வந்தாலும் நமக்குக் கோபம் வருகிறது. ஸ்கிரீன் மங்கினால் வருகிறது. பேட்டரி இறங்கினால் வருகிறது. சார்ஜர் தரவில்லை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் தேதி, நேரம் சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் அரை நாள் கோபம், ஒன்றரை நாள் நகைச்சுவை, அவ்வளவுதான். 2012 நவம்பரில் ஆண்ட்ராய்டு 4.2 வந்தது. அதில் நண்பர்களின் விவரங்களைக் குறித்துவைக்கும் ஆப்பில் பிறந்த நாள் போடப் போனால் நவம்பருக்கு அப்புறம் நேராக ஜனவரி. டிசம்பரைக் காணோம்! கூகுள் மாதிரி ஒரு கம்பெனி, உலகத்தின் மொத்தத் தகவலையும் அடுக்கிவைக்கிறேன் என்று புறப்பட்ட கம்பெனி, ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் கேன்சல் என்று ஊரெல்லாம் சிரித்தது. கூகுளும் சேர்ந்து சிரித்து, டிசம்பரில் பிறந்தவர்களை நண்பர்கள் மறந்துவிடாதபடி சீக்கிரமே சரி செய்கிறோம் என்றது. செய்தார்கள், சில நாளில் 4.2.1 வந்தது. சரி, இதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, சிரிக்கலாம்.

ஆனால் ஒன்றரை மாதம் கழித்து, 2013 ஜனவரி 1 அன்று நடந்ததற்குச் சிரிப்பது கொஞ்சம் கஷ்டம். ஐபோனில் 'தொந்தரவு செய்யாதே' என்று ஒரு வசதி. ராத்திரி பத்து மணிக்குத் தானாகவே போன் வாயை மூடிக்கொள்ளும், காலை ஏழு மணிக்குத் தானாகவே திறந்துகொள்ளும். அன்று காலை திறந்துகொள்ளவில்லை. யார் கூப்பிட்டாலும் சத்தமில்லை. கம்பெனியின் பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஜனவரி 7-க்குப் பிறகு பழையபடி வேலை செய்யும், அதுவரை நீங்களே கையால் நிறுத்திக்கொள்ளுங்கள்! சரியாக அந்த நேரம் பார்த்து இதே வசதியைப் பெருமையாகச் சொல்லும் ஒரு டிவி விளம்பரமும் வந்தது. வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகளோடு கனவில் டேபிள் டென்னிஸ் ஆடுவார் ஒருவர். கனவு கலையாது, ஏனென்றால் போன் மணி அடிக்காது. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது ஒரு வீட்டிலிருந்து அன்று காலை யாருக்காவது போன் போயிருந்தால், அதை எடுக்காதவர் சிரித்திருக்க மாட்டார். அவர் ட்விட்டருக்கும் வந்திருக்க மாட்டார்.

வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்று நாம் பேசும்போதெல்லாம் பேசியவர் குரலை மட்டும்தான் எண்ணுகிறோம். ஜோக் எழுத நேரம் இருந்தவருக்கு நஷ்டம் கம்மி. நிஜமாகவே மாட்டியவர் மானேஜரிடம் கெஞ்சிக்கொண்டிருந்திருப்பார்.

*

ஜோக் ஆசாமியைக்கூட விட்டுவிடலாம். என்னால் பொறுக்க முடியாதவர் உபதேசம் செய்கிறவர். ஒவ்வொரு முறையும் வருவார். "நூறு ரூபாய்க்கு ஒரு டைம்பீஸ் வாங்கி வைக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் போனையே நம்பினா இப்படித்தான்!" கேட்கிறதுக்கு ஏதோ தாத்தா காலத்து ஞானம் மாதிரி இருக்கும். கொஞ்சம் நின்று யோசித்தால் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரியும்.

டைம்பீஸைத் தூக்கிப் போடு என்று நம்மிடம் சொன்னது யார்? வாட்ச், காலண்டர், டார்ச் லைட், டைரி, கேமரா, மேப், கால்குலேட்டர் எல்லாம் இந்த ஒன்றுக்குள்ளே இருக்கிறது என்று சொல்லித்தானே விற்றார்கள்? எது வேண்டுமானாலும் கேள், அதற்கு ஒரு ஆப் இருக்கிறது என்று ஆப்பிள் விளம்பரம் செய்தது 2009-ல். அதை நம்பி அம்பதாயிரம் ரூபாய் கொடுத்தவர் பொறுப்பற்றவர், நம்பாமல் நூறு ரூபாய் டைம்பீஸ் வாங்கியவர் புத்திசாலி என்றால் அந்த மிச்சம் நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் எதற்கு? சாப்பாடு ஊசிப்போயிருந்தால் ஹோட்டல்காரரைப் பார்த்துத்தான் கத்துவோம். பக்கத்து டேபிள்காரர் நம் தோளைத் தட்டி, "வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் எடுத்து வந்திருக்கலாமே" என்றால் எப்படி இருக்கும்?

இந்தப் பக்கத்து டேபிள்காரரின் கொட்டம் உச்சத்துக்குப் போனது 2016 பிப்ரவரியில். ஐபோனின் தேதியை 1970 ஜனவரி 1 என்று மாற்றிவிட்டு, ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால், ஆப்பிள் சின்னத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். செங்கல்தான். ஐபோன் 5எஸ்ஸும் அதற்குப் பிறகு வந்தவையும் இப்படி. யாரோ ஒரு விஷமி, ஆப்பிள் விளம்பரம் மாதிரியே அச்சாக ஒரு படம் தயார் செய்தான். தேதியை 1970-க்கு மாற்றினால் பழைய காலத்துக் கலர் கலர் ஆப்பிள் சின்னம் தெரியும் என்று அதில் ஆசை காட்டினான். சிலர் மாற்றிப் பார்த்தார்கள். போன் போச்சு. 'இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்கிறவனுக்கு இது வேண்டியதுதான்' என்று எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணி முடியாது.

ஏன் 1970? கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் காலத்தைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1 பூஜ்ய நேரத்திலிருந்து எத்தனை நொடி ஆச்சு என்று ஒரு எண்ணாக வைத்திருக்கும். அந்தப் பூஜ்யம் கிரீன்விச் நேரத்துக்கு. நம் ஊர் கடிகாரப்படி அன்று விடிகாலை ஐந்தரை மணி. ஆக, சென்னையில் ஒருவர் போனில் 1970 ஜனவரி 1, காலை நாலு மணி என்று வைத்தால் அது பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. மைனஸ். மைனஸைச் சந்திக்கும் இடத்தில்தான் நிரல் தடுக்கி விழுந்திருக்க வேண்டும் என்று அப்போது பலரும் ஊகித்தார்கள். ஆப்பிள் காரணம் எதையும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1970 மே மாதமோ அதற்கு முன்போ தேதியை மாற்றினால் போன் கிளம்பாமல் போகலாம் என்று மட்டும் சொல்லி, மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 9.3-ல் திருத்தியது.

சிரித்தவர்கள் முகத்தில் கரி பூசுகிற மாதிரி ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. பரிச்சயமான பெயர் வைத்த ஒரு போலி வைஃபையைத் திறந்துவிட்டு, அதன் வழியாகவே திருத்தம் போடாத கருவியின் தேதியை 1970-க்குத் தள்ள முடியும் என்று இரண்டு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். சொந்தக்காரர் ஒரு பட்டனையும் தொட வேண்டாம். அப்படி ஒருவருடைய கருவி செத்திருந்தால் அவரும் முட்டாளா? உபதேசக் கோஷ்டி அதற்குப் பதில் சொன்னதாக நான் எங்கும் பார்க்கவில்லை.

தேதியைக் கணக்குப் பண்ணுவது சுலபம் என்று நான் சொல்லவரவில்லை. நமக்குத் தெரியாததா? சனிப் பெயர்ச்சி என்றைக்கு என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் 2023 ஜனவரி 17 என்றது, வாக்கியப் பஞ்சாங்கம் டிசம்பர் 20 என்றது. பதினோரு மாத வித்தியாசம். திருநள்ளாறில் டிசம்பரில் கூட்டம் கூடியது. இதே மாதிரி கம்ப்யூட்டர் உலகத்திலும் வருஷத்துக்கு இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று நம் வீட்டு மாத காலண்டர். இன்னொன்று வாரங்களை எண்ணிப் போடுகிற கணக்கு. இரண்டாவது கணக்குப்படி 2014 டிசம்பர் 29, திங்கட்கிழமை, 2015-ன் முதல் வாரத்தில் சேர்ந்துவிடும். நிரலில் சின்ன 'ஒய்' போடவேண்டிய இடத்தில் பெரிய 'ஒய்' போட்டால் முதல் பஞ்சாங்கம் போய் இரண்டாவது பஞ்சாங்கம் வந்து உட்காரும். அந்த நாளில் ட்விட்டர் தன் ஆண்ட்ராய்டு வாசகர்களை கொத்துக் கொத்தாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது, சர்வர் ஒரு வருஷம் முந்தி ஓடியதால். ஒரே ஒரு எழுத்து, அதுவும் வருஷக் கடைசியில் சில நாட்கள் மட்டும் காட்டிக்கொடுக்கும். டெஸ்ட் பண்ணியவர் ஆகஸ்ட் மாதத்தில் டெஸ்ட் பண்ணினால் எல்லாம் பிரமாதமாக இருக்கும்.

கஷ்டம் புரிகிறது. ஆனால் ரயில் ஓட்டுவதுகூடக் கஷ்டம்தான்.

*

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 2017 டிசம்பர் 2. அன்றும் சனிக்கிழமை. (சனிக்கும் ஐபோனுக்கும் என்ன என்று ஜோசியர்கள் பார்க்கலாம்.) அந்தந்த ஊர் நேரப்படி ராத்திரி 12.15 தாண்டியதும் ஐஓஎஸ் 11 போட்ட ஐபோன்கள் விட்டு விட்டுத் திணற ஆரம்பித்தன. ஸ்கிரீன் கறுக்கும், திரும்ப வரும், மறுபடி கறுக்கும். மறுபடி ஆசியா, ஆஸ்திரேலியாப் பக்கம்தான் முதலில் அலறியது.

தூண்டிவிட்டது எது? தினமும் குறித்த நேரத்தில் நினைவூட்டும் ஆப்கள். தண்ணீர் குடி, தியானம் பண்ணு, உடற்பயிற்சி செய், மாத்திரை போடு. அந்த 'டிங்' வரவேண்டிய நேரத்தில் போனே விழுந்து எழுந்தது.

ஆப்பிளுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த முறை 'நாலாம் தேதி சரியாகும்' என்று ஜோசியம் சொல்லவில்லை. சனிக்கிழமை என்றும் பாராமல், அவசர அவசரமாக ஐஓஎஸ் 11.2-ஐ வெளியிட்டார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் திணறிக்கொண்டிருக்கும் போனில் அதை இறக்குவது எப்படி? அதற்குக் கொடுத்த வழி: செட்டிங்ஸுக்குள் போங்கள், ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து அறிவிப்புகளை நிறுத்துங்கள், அப்புறம் புது மென்பொருளைப் போடுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆன் பண்ணுங்கள்.

அறுபது, எழுபது ஆப் வைத்திருப்பவர் அறுபது, எழுபது தடவை உள்ளே போய் வரவேண்டும். அவர்களில் ஒருவர் சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்று வையுங்கள். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்த அவர் வைத்திருக்கும் ஆப்பையும்தான் வாயடைக்க வேண்டும். திரும்ப ஆன் பண்ண மறந்தால்? அவருக்கு ஞாபகப்படுத்த ஒரு ஆப் வேண்டும்!

அந்த ராத்திரியில் வாடிக்கையாளர்கள் என்ன செய்தார்கள் என்பது ஒரு தனி அழகு. கம்பெனி வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்: தேதியை டிசம்பர் 1-க்குத் திருப்பி வைத்தால் போன் அடங்குகிறது. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் பத்துப் பேருக்குச் சொல்ல, கொஞ்ச நேரத்துக்குப் பல நாடுகளில் பல பேர் தெரிந்தே நேற்றைக்குள் வாழ்ந்தார்கள். முகம் தெரியாத ஆளுக்கு ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து படிப்படியாக வழி சொன்ன இவர்களை நான் மனசாரப் பாராட்டுகிறேன். ஜோக் ஆசாமியும் உபதேச ஆசாமியும் இவர்கள் கால் தூசு பெறமாட்டார்கள். ஆனால் அதே மூச்சில் ஒன்றைக் கேட்கவும் தோன்றுகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் யார்? விலை கொடுத்து வாங்கியவர்களே மெக்கானிக்காகவும் வேலை பார்த்தால், அந்த மெக்கானிக் கூலி யாருக்கு மிச்சம்?

நான் பி.காம். எந்த நஷ்டத்தைப் பார்த்தாலும் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று கை பரபரக்கும். ஒரு பற்று இருந்தால் ஒரு வரவு இருக்க வேண்டும் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். அலாரம் அடிக்காமல் ஒருவர் அரை நாள் சம்பளத்தை இழந்தால் அது அவர் கணக்கில் பற்று. எதிர்ப் பக்கத்தில் யார் பெயர்? யாரும் இல்லை. உதாரணத்துக்குப் பத்து லட்சம் பேர் ஆளுக்கு 500 ரூபாய் இழந்தார்கள் என்று வையுங்கள், 50 கோடி. அந்த 50 கோடியைக் கம்பெனி மொத்தமாக இழந்திருந்தால் ஆண்டறிக்கையில் ஒரு பாரா வந்திருக்கும். பத்து லட்சம் வீட்டில் சில்லறையாகச் சிதறியதால் அது எங்கேயுமே வரவில்லை. 500 ரூபாய்க்கு யார் வக்கீல் வைப்பார்?

2010 ஜனவரி 1 அன்று ஜெர்மனியில் ஏறத்தாழ மூன்று கோடி பேங்க் கார்டுகள் 2010 என்ற வருஷத்தைப் புரிந்துகொள்ளாமல் மக்கர் பண்ணின. பணம் வரவில்லை. அங்கே யாரும் 'கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளக் கூடாதா' என்று உபதேசம் பண்ணிவிட்டுப் போகவில்லை. பேங்க்குகள் மெஷின்களை ராத்திரி பகலாக மாற்றியமைத்தன. கார்டு தயாரித்த ஜெமால்ட்டோ கம்பெனி செலவைத் தன் கணக்கில் எழுதியது. கார்டில் நின்றது பணம், எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. போனில் போனது நேரம். பழைய ஐபோன்களை வேண்டுமென்றே மெதுவாக்கியதாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டபோது மட்டும் ஏன் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்? புது போன் வாங்க வைத்துவிட்டார்கள் என்று அதற்கு ஒரு விலைச்சீட்டு இருந்தது. 2020-ல் 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது ஆப்பிள், தப்பு செய்தோம் என்று மட்டும் சொல்லாமல்.

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-வது பிரிவு என்று ஒன்று உண்டு. எதற்காக வாங்குகிறேன் என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்தச் சரக்கு அதற்கு லாயக்காக இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள எண்ணம். பரீட்சைக்கு நெட்டுருப் போட்டது. போனுக்கு வந்தால் கதை மாறுகிறது. பெட்டியைப் பிரித்ததும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பட்டனை அழுத்துகிறோமே, ஐபோனில் அந்த ஒப்பந்தத்தை யாராவது கடைசி வரை படித்தீர்களா? மென்பொருள் இருக்கிறபடி இருக்கும், உபயோகிப்பது உங்கள் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. பிசகினால் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரக்கூடிய இடங்களில் பயன்படுத்துவதற்கானது அல்ல என்றும் இருக்கிறது. கடையில் மாத்திரை நினைவூட்டும் ஆப், ஒப்பந்தத்தில் இந்த வாசகம். இரண்டும் ஒரே போனுக்குள்.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் கோளாறால் வரும் தீங்குக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயம் சேர்த்தார்கள். நல்ல சட்டம், வரவேற்றோம். 'தீங்கு' என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் கண்ணை ஓட்டினால், வணிக நஷ்டமும் பொருளாதார நஷ்டமும் அதில் சேராது என்று எழுதியிருக்கிறார்கள். உடம்பில் அடிபட்டால் அந்த அத்தியாயம் உதவும். தவறிய இன்டர்வியூவுக்கு உதவாது. குறைபாடுள்ள பொருள் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி அடைபடவில்லை. ஆனால் அலாரம் வைத்தேன், அடிக்கவில்லை என்பதற்கு ரசீதா இருக்கிறது?

ரசீது மாதிரி ஒன்றை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த தடவை உங்கள் போன் ஏதாவது ஒரு தேதியில் மக்கர் பண்ணினால், சரி செய்வதற்கு முன்னால் ஸ்கிரீனைப் படம் எடுங்கள். அலாரம் பக்கத்தையும் தேதியையும் சேர்த்து எடுங்கள். திணறுகிற போன் என்றால் வீட்டில் இருக்கும் இன்னொரு போனால் எடுங்கள். ஆபீஸில் சம்பளம் பிடித்தால் பிடித்ததாக மானேஜரிடம் ஒரு மெயில் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் பேசும்போது, "எங்களுக்கும் தெரியும் சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பார்கள். சரியாவது இருக்கட்டும், என் புகாருக்கு நம்பர் கொடுங்கள் என்று கேளுங்கள். தரமாட்டேன் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தந்தால் அந்த நம்பரை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். போனில் வேண்டாம்.